சிவப்புக் கதவு

விண்வெளி வீடியோ கேம் ஒன்றுக்குக் கதை எழுதும் ரெஜினா, மூன்று பாகங்களிலும் கேப்டனுக்கு மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் சுவரில் ஒரு சிவப்புக் கதவை வைத்து, அதற்குள் ஆக்சிஜன் சிலிண்டரையும் வைத்திருந்தாள். மறுபடியும் அதே கதவா என்று ஆடியவர்கள் சிரித்தார்கள். ரோஷம் வந்து, நான்காம் பாகத்தில் கதவையே எடுத்துவிட்டாள். இந்த முறையாவது மனுஷன் நியாயமாகச் சாகட்டும்.

சோதனைக்காக ஆடிக்கொண்டிருந்த இருதயராஜ் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். கேப்டன் வெற்றுச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்களா தட்ட வைக்கிறீங்க?” என்றாள்.

“இல்ல மேடம், நான் கையை எடுத்து ரொம்ப நேரமாச்சு.”

காற்று தீர்ந்துகொண்டிருந்தது. கேப்டன் மெல்லத் திரும்பி, அவள் முகத்துக்கு நேரே வந்து, திரையின் கண்ணாடியைத் தட்டினார்.

ரெஜினாவின் கை இந்தப் பக்கம் தாழ்ப்பாளைத் தேடியது.