ஒரே தம்ளர்

பிலிப்பைன்ஸின் செபு துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. மேசையைச் சுற்றி ஆறு பேர் இருந்தார்கள், தம்ளர் மட்டும் ஒன்றுதான். ரோடெல் பீரை ஊற்றிக் கொடுக்க, ஒவ்வொருவராகக் குடித்துத் திருப்பித் தந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கி வந்த சுடலைமணி, தன் முறை வந்ததும் ஊர்ப் பழக்கத்தில் அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டான்.



“ஏன், எங்க வாய் பட்டா ஆகாதா?” என்றான் ரோடெல்.

 அதை விளக்கச் சுடலைமணியிடம் ஆங்கிலம் இல்லை. “எச்சில்...” என்று தமிழிலேயே இழுத்தான்.

ரோடெலின் முகம் மலர்ந்தது. குடிக்கும் முன் தமிழர்கள் சொல்லும் வாழ்த்து போல என்று நினைத்துவிட்டான். “எச்சில்!” என்று கத்தி அவனும் அண்ணாந்து ஊற்ற, பாதி மூக்கில் ஏறியது. அடுத்து அண்ணாந்து ஊற்றிய மரிவிக்கின் சட்டை நனைந்தது. பக்கத்து மேசையில் கரோக்கி பாடிக்கொண்டிருந்தவர் மைக்கிலேயே “எச்சில்! எச்சில்!” என்றார்.

தம்ளர் சுற்றி மறுபடி சுடலைமணியிடம் வந்தது. வித்தை பார்க்க எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். அவன் சந்தே அதிர “எச்சில்!” என்று கத்திவிட்டு, அத்தனை பேர் வாய் பட்ட விளிம்பில் தன் உதட்டை வைத்தான்.