வாரம் ஆறு நாளும் வில்லன்

"வாரத்துக்கு ரெண்டு நாள் வில்லன் வந்தா போதும். தினம் வந்தா ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போயிடும்" என்றார் இயக்குநர்.

ஆறு நாளும் வந்தே ஆகணும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். தொடரை எழுதுபவள் நான். அவரும்தான் என்ன செய்வார்? தலையாட்டினார்.

வில்லனாக நடிப்பவன் என் முன்னாள் கணவன். அந்த வேஷத்துக்கு அவன் பெயரைச் சொன்னதே நான்தான். பழைய பாசம் விட்டுப்போகுமா என்று மேக்கப் அறையில் பீற்றிக்கொண்டானாம். பாசமாம்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அவனுக்கு ஒத்திகை கிடையாது. வசனம் எடுத்துக்கொடுக்க ஆள் வேண்டாம். எல்லாமே ஒரே டேக்.

சாப்பாட்டுத் தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டு, "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிடி சாப்பிடறது? அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றான். லைட் பிடித்தவர்கூடக் கைதட்டினார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது எங்கள் சமையலறையில் அவன் என்னிடம் சொன்னது. அவனுக்கு நான் எழுதிய வசனம் எல்லாமே அப்படித்தான். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

என்றைக்காவது பாதி வசனத்தில் அவனுக்கு உறைக்க வேண்டும். ஊரே பார்க்க நாக்கு குழற வேண்டும். அதற்குத்தான் ஆறு நாள்.

எங்கே உறைத்தது? சூப்பரா எழுதறே என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான், பாவி.

அந்தத் தட்டு சீன் டிவியில் வந்து முடிந்த கையோடு எனக்கு ஃபோன் வந்தது. அவனை இப்போது கட்டிக்கொண்டிருப்பவள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் வரிந்துகட்டிக்கொண்டு எடுத்தேன்.

"அக்கா..." பக்கத்து அறைக்குக் கேட்காத குரல். "எங்க வீட்டுச் சமையல்கட்டுல நடக்கிறது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"



"அடுத்த வாரம் தவறாம பாரும்மா" என்றேன். "கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்பறா. என்னென்ன எடுத்துட்டுப் போறான்னு நல்லா பாத்துக்கோ."

அப்படி ஒரு சீன் கதையிலேயே இல்லை. ஃபோனை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

பெட்டிக்குள் முதலில் படிப்புச் சான்றிதழ்களை வைக்கிறாள். நான் கிளம்பின அவசரத்தில் அவற்றைத்தான் விட்டுவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரமும் வில்லனுக்கு ஆறு நாள் படப்பிடிப்பு வைத்தேன். ஆறும் வெளியூரில்.