இரண்டாம் கூண்டு

தோட்டக்காரரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லும் கடிதம் மூன்றே வரிகளில் முடிந்துவிட்டது.

'இரண்டாம் கூண்டில் பரிசோதனை கெட்டுப்போயிற்று. தோட்டக்காரரின் அலட்சியமே காரணம். உரிய நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்.'

ஒற்றுப்பிழைகூட இல்லை. கையெழுத்து மட்டும் பாக்கி.

எழுதியவள் முனைவர் பட்டம் பெற்று, மேலாய்வுக்காக அந்த ஆய்வகத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தக்காளிச் செடிகளில் இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்களே அவள் ஆய்வுப் பொருள்.

"இத்தனை வருஷம் படிச்சிட்டு இன்னும் ஈ ஓட்டிக்கிட்டுதான் இருக்கியா?" என்று அவள் அக்கா வாரந்தவறாமல் தொலைபேசியில் நலம் விசாரிப்பாள்.

அவள் ஓட்டவில்லை, வளர்த்தாள். பசுமைக்குடிலில் வலையடித்த கூண்டுகள் இரண்டு. கூண்டுக்கு நாற்பது செடிகள். முதல் கூண்டில் மரபணு மாற்றிய ஆண் ஈக்களையும் விட்டிருந்தாள். அவற்றோடு கூடும் பெண் ஈக்களின் குஞ்சுகள் வளர்வதற்குள் மடிந்துவிட வேண்டும். இரண்டாம் கூண்டில் இருந்தவை சாதாரண ஈக்கள் மட்டுமே. அவை தம் விருப்பம்போல் பெருக வேண்டும். அங்கே பெருகி இங்கே குறைந்தால்தான் அவள் ஆய்வு மெய்யாகும்.

திங்கட்கிழமைதோறும் உருப்பெருக்கியோடு இலைகளின் அடிப்புறத்தைப் பார்த்து ஈக்குஞ்சுகளை எண்ணினாள். இரண்டு கூண்டுகளிலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

"உன் ஈயும் ஒண்ணு, ஊர் ஈயும் ஒண்ணுன்னு ஆயிடுச்சேம்மா," என்றார் பேராசிரியர். "வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடுது. தப்பு வேற எங்கேயோ நடந்திருக்குன்னு காட்டு, ஆறு மாசம் நீட்டிப்பு வாங்கித் தர்றேன். தப்பு உன் பக்கம்னா, மாசக் கடைசியோட கிளம்ப வேண்டியதுதான்."

வாசல் பதிவேட்டைப் புரட்டியபோது காரணம் அகப்பட்டது. கடந்த பதினொரு ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஆய்வகத்துக்கு விடுமுறையான நாட்களில், தோட்டக்காரர் உள்ளே வந்து போயிருந்தார். கூண்டுக் கதவுகளைக் கண்டபடி திறந்து வைத்திருப்பார். முதல் கூண்டின் ஈக்கள் இரண்டாம் கூண்டுக்குக் குடிபெயர்ந்திருக்கும்.

"தக்காளி பறிக்க வந்திருப்பான். எழுதிக் குடு, நான் பாத்துக்கறேன்," என்றார் பேராசிரியர்.

எழுதினாள். கையெழுத்திடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் முறை என்று பசுமைக்குடிலுக்குப் போனாள்.

தோட்டக்காரர் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். செடிக்குச் செடி மருந்துபோல அளந்து விடுவதால் ஆய்வகத்தில் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமைல உங்களுக்கு இங்க என்ன வேலை?"

அவர் குழாயை மூடினார். "தெரிஞ்சு போச்சாம்மா?"

"தக்காளி பறிக்கவா?"

"தக்காளி திருட வர்றவன் கையெழுத்துப் போட்டுட்டா உள்ள வருவான்?"

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

"ரெண்டாம் கூண்டைத் துடைக்க."

அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு வாளியை இழுத்துக் காட்டினார். வாளி நிறையப் பஞ்சு. ஒவ்வோர் உருண்டையிலும் ஈக்குஞ்சுகள் தவிடுபோல் அப்பியிருந்தன.

"ஈரப்பஞ்சால இலைக்கு அடியில ஒவ்வொண்ணாத் துடைப்பேன். காலையில உக்காந்தா சாயங்காலம் ஆயிடும். 'அங்க இன்னொரு குடும்பம் வச்சிருக்கியா'ன்னு என் வீட்டுக்காரியே கேட்டுட்டா."

அவள் கவிழ்த்து வைத்த தொட்டியொன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"யாருண்ணே உங்களைத் துடைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலைம்மா. முதல் கூண்டுக்கு நீங்க இருக்கீங்க. என்னமோ பண்ணி பூச்சியே இல்லாம ஆக்கிட்டீங்க. இதுங்களுக்குத்தான் நாதியில்லை. இலையெல்லாம் மஞ்சளடிச்சு நிக்குது. ரெண்டும் ஒரே நாள்ல போட்ட விதைம்மா."

"முதல் கூண்டுலயும் துடைச்சீங்களா?"

"பஞ்சை எடுத்துக்கிட்டுப் போனேன். அங்க துடைக்க ஒண்ணுமே இல்லையே."

இரண்டு ஆண்டு ஆய்வின் முடிவு, அட்டவணையோ வரைபடமோ இல்லாமல், அவர் வாயால் வெளிவந்தது.

அவள் ஒரு பஞ்சு உருண்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இந்த ரெண்டாம் கூண்டு கெட்டுப்போகட்டும்னுதான் விட்டு வச்சிருந்தோம்ண்ணே. இது கெட்டாத்தான் அது பிழைச்சது வெளியே தெரியும்," என்றாள்.

தோட்டக்காரர் நாற்பது செடிகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு வாளியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"வேணும்னேதான் விட்டீங்களா? ரெண்டு வருஷமா நான்தானேம்மா தண்ணி ஊத்தறேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

நான்கு கருத்தரங்குகளில் அவள் அதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். ஈ ஓட்டுவதாகக் கேலி செய்யும் அக்காவுக்குக்கூட இருமுறை விளக்கியிருக்கிறாள். இவரிடம் சொன்னதெல்லாம், "அண்ணே, தண்ணி விட்டுடுங்க," என்பது மட்டும்.

"கையில என்னம்மா, கடுதாசியா?"

"ஆமாண்ணே. குழுவுக்குக் குடுக்கணும். கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கு."

அவள் பேனாவை எடுத்தாள். மூன்று வரிகளில் பிழை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 'தோட்டக்காரரின்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன் மேல் 'என்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.