ஒரே தாளம்

உலக்கையை ஓங்கிப் பிடித்தபடி, கொல்லைச் சுவரோரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார் போவாடி. சுவருக்கு அந்தப் பக்கம் ‘தொம்’ என்று சத்தம் வந்த அதே நொடியில், இந்தப் பக்கம் இவரும் ஒரு போடு போட்டார்.

உரலுக்குள் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வாழைக்காயும் நசுங்கின. இப்படி இடித்து உருண்டையாக உருட்டிச் சாப்பிடும் ஃபூஃபூவைத் தொட்டு ஏழு வாரம் ஆகிவிட்டது அவருக்கு.

சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, மூன்று மாதத்துக்கு ஃபூஃபூ கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். “உங்களுக்கு இல்லாதது எனக்கும் வேணாம்” என்று மனைவி கொனாடுவும் அன்றே நிறுத்திவிட்டாள். அதோடு விட்டாளா? நர்ஸ் பேச்சை இவர் மீறினால் மூட்டை கட்டிக்கொண்டு ஒபுவாசி ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொந்தக்காரர்கள் முன்னால் சத்தியம் வேறு செய்தாள். சொன்னதைச் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டைப் போவாடியால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

இன்று சர்ச்சில் அவளுக்குப் பாட்டுப் பயிற்சி. முதுகுவலி என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர், அவள் தலை மறைந்ததும் துள்ளி எழுந்துவிட்டார்.

ஆனால் குமாசியில் யாருக்கும் தெரியாமல் ஃபூஃபூ இடிப்பது நடக்கிற காரியமா? முன்கட்டில் குடியிருக்கும் செர்வாவுக்குப் பாம்புச் செவி. உரல் சத்தம் கேட்டால் வந்து நிற்பாள். கொனாடுவிடம் ஒன்றுக்குப் பத்தாகப் போட்டுக் கொடுப்பாள். நல்ல வேளையாகப் பின்வீட்டில் இடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளே தன் சத்தத்தையும் ஒளித்துவிட்டார் மனிதர்.

பின்வீட்டில் எப்போதும் ஒருத்தி இடிக்க, இன்னொருத்தி உரலுக்குள் கைவிட்டுப் புரட்டுவாள். அடி இடைவிடாமல் விழும். இன்றைக்கு நாலு அடிக்கு ஒருதரம் நின்று நின்று கேட்டது. யாரோ தனியாளாகவே இடித்துப் புரட்டுகிறார்கள். இவரும் தனியாள்தானே, ரொம்ப வசதியாகப் போயிற்று.

பதம் வந்தது. வழவழவென்று உருட்டி எடுத்து வைக்கும்போது பாழாய்ப்போன பீங்கான் தட்டு சுவரில் இடித்து ‘ணங்’ என்றது. போவாடி சட்டென்று சுவரோடு ஒட்டிக் குனிந்தார்.

அந்தப் பக்கம் உலக்கை நின்றது. சுவருக்கு மேலே மாவு ஒட்டிய ஒரு கை மட்டும் நீண்டது. கூடவே கொனாடுவின் குரல், குசுகுசுவென்று:

“குழம்பு கொண்டாந்துட்டியா செர்வா? குடு, அந்த மனுசன் முழிக்கிறதுக்குள்ள சாப்பிட்டுடறேன்.”