இரண்டாம் முறை டோலி

மூங்கில் கழியில் கட்டிய கம்பளிக்குள் கித்தேரியம்மாள் சுருண்டு படுத்திருக்கிறாள். பத்து வருஷமாய் ரோடு கேட்டு மனு கொடுக்கும் மலையூருக்கு இன்றுதான் டிவிக்காரர்கள் வந்திருக்கிறார்கள். போன மாதம் பிரசவ வலியோடு இதே கம்பளி டோலியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே செத்துப்போன அவள் மகள் ஃபெமினாவைப் போல யாராவது படுத்துக் காட்ட வேண்டுமாம். மற்ற பெண்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள். கம்பளியில் மகளின் தலையெண்ணெய் இன்னும் மணக்கிறது. அன்று தூக்கிய அதே ஆக்னல்தான் ஈர வேர்களில் கால் பதித்து முன்னால் நடக்கிறான். அன்று சொன்னதையே அவன் வாய் தன்னையறியாமல் சொல்கிறது: “கொஞ்சம் பொறுத்துக்க தாயி, இந்தா வந்துட்டோம்.” மஞ்சுமூட்டம் இறங்கி வெளிச்சம் மங்குகிறது. “போதும், சூப்பரா வந்திருச்சு, எறங்கிக்கங்கம்மா” என்கிறார் கேமராக்காரர். டோலி நிற்கிறது. கித்தேரியம்மாள் கம்பளியை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். “ஏலே ஆக்னலு, ஏன் நின்னுட்ட? வெரசா போ. ஆஸ்பத்திரி இன்னும் வரலையே.”