விருது கேட்ட ஒப்பாரி

“அத்தத் தவிர வேற எது வேணா கேளு கண்ணு, பாடறேன். அந்தப் பாட்ட மட்டும் கேக்காத” என்றாள் கன்னியம்மா.

காசிமேட்டில் இருக்கும் அந்த வீட்டுக்கு முதல் தடவை மதி வந்தது நல்ல செய்தி சொல்லத்தான். வாழ்நாள் முழுக்க ஒரு கலையோடு வாழ்ந்தவர்களைத் தேடிப் பிடித்து, ஐரோப்பாவில் ஓர் அறக்கட்டளை விருது கொடுக்கிறது. அந்த அறக்கட்டளைக்காகச் சென்னையில் வேலை பார்ப்பவள் மதி. இந்த முறை விருது கன்னியம்மாவுக்கு. அவள் பெயரைச் சிபாரிசு செய்தவளும் மதிதான்.

கன்னியம்மா மீன் விற்றுப் பிழைத்தவள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரி பாட அவளுக்கு ஆள் வரும். செத்தவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று வாசலிலேயே விசாரித்துக்கொண்டு உள்ளே போய் உட்காருவாள். அவள் வாயைத் திறந்தால், அதுவரை கல்லாக இருந்தவர்கள்கூட உடைந்து அழுதுவிடுவார்கள்.

விருது விஷயத்தைக் கேட்டபோது, சாவு வீட்டில் அழுததற்கா பரிசு என்று சந்தேகமாகக் கேட்டாள். உண்மைதான் என்று தெரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டாள். குளிர் ஊர் என்று சொன்னதால் மகள் பவானி ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். தெருவே வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது. விருது வாங்குகிறவர், தனக்குப் பெயர் வாங்கித் தந்த படைப்பை அந்த மேடையில் நிகழ்த்த வேண்டும். கன்னியம்மாவுக்குப் பெயர் வாங்கித் தந்தது எது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பல வருடங்களுக்கு முன்பு, ஒரு புயலில் அவளுடைய ஒரே மகன் போன படகு திரும்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டு எல்லோரும் கைவிட்டார்கள். கருமாதி அன்று அவள் கடலைப் பார்த்து உட்கார்ந்து பாடினாள். அங்கே வந்திருந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி அதைப் பதிவு செய்து எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினாள். உலகமெல்லாம் சுற்றியது அந்தப் பாட்டுதான். தமிழ் தெரியாத நடுவர்களும் அதைக் கேட்டு அழுதார்களாம்.

அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்றதுமே கன்னியம்மாவின் முகம் மாறிவிட்டது. வேண்டாம் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். மதி அறக்கட்டளைக்கு எழுதிப் பார்த்தாள். அந்தப் பாட்டு இல்லையென்றால் விருது வேறொருவருக்குப் போகும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதைச் சொல்லத்தான் இன்று மறுபடியும் வந்திருந்தாள்.

அம்மா விமானம் ஏற வேண்டும் என்று தனக்கும் ஆசைதான் என்றாள் பவானி. ஆனால் அந்தப் பாட்டுக்குத் தானும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

“உங்க மனசு எனக்குப் புரியுதும்மா” என்றாள் மதி.

“புரிஞ்சுகினுதான் திரும்பத் திரும்பக் கேக்கறியா?”

கன்னியம்மாவின் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

மதி அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அவள் தம்பி விபத்தில் போனபோது அவளுக்கு அழுகையே வரவில்லை. மாதக்கணக்கில் உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் தற்செயலாக இந்தப் பாட்டைக் கேட்டாள். அன்றுதான் அழுதாள். கன்னியம்மாவைத் தேடிக்கொண்டு அவள் வந்ததே அதனால்தான். மகனைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் கேட்காததும் அதனால்தான். அந்தப் புண்ணைக் கிளற அவளுக்கு மனம் வரவில்லை.

கன்னியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன் தம்பி பேரு இன்னான்னு சொல்லு. அவனுக்கு இப்பவே பாடறேன்.”

மதியின் கண் கலங்கியது. சமாளித்துக்கொண்டு கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தாள்.

“என் தம்பிக்கு வேணாம்மா. உங்க புள்ளைக்காக, ஒரே ஒரு தடவை அந்த மேடையில பாடுங்க.”

“என் புள்ளைக்காகத்தான் கண்ணு வேணாங்கறேன். பரிசு வேற யாருக்காவது போவட்டும். அவங்களும் நல்லா இருக்கட்டும்.”

இதற்குமேல் கேட்பது பாவம் என்று தோன்றியது. மதி கைபேசியை எடுத்து, கன்னியம்மா விருதை ஏற்க மறுத்துவிட்டார் என்று எழுதினாள். ஒரு முறை படித்துப் பார்த்தாள். பிறகு அனுப்பிவிட்டாள்.

டீயைக் குடித்துவிட்டு அவள் கிளம்பும்போது, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் மீன் பையோடு உள்ளே வந்தான். லுங்கியில் இன்னும் கடல் ஈரம் காயவில்லை. கன்னியம்மா எழுந்து பையை வாங்கிக்கொண்டாள்.

“இவன்தான் கண்ணு என் புள்ள, அன்புமணி. கருமாதியெல்லாம் முடிஞ்சு பல மாசம் கழிச்சு, பர்மாவுல கரை ஒதுங்குனவன் வூட்டாண்ட வந்து நின்னான். இன்னிக்கும் கடலுக்குப் போய்கினு கீறான். உசுரோட கீற புள்ளைக்கு ஒருவாட்டி தெரியாம ஒப்பாரி வச்சிட்டேன், இன்னொருவாட்டி தெரிஞ்சே எப்பிடி வப்பேன், சொல்லு?”