கழற்றிய பை

இடப்பக்க ஏர்பேக் விபத்தில் விரியாமல் போகலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி கடிதம் போட்டிருந்தது. அந்தப் பக்கம் உட்காருகிறவள் மாதுவின் மனைவி பானுமதி. தர்மபுரி சர்வீஸ் சென்டரில் டை கட்டியவன் அரை மணியில் மாதுவிடம் சாவியை நீட்டினான்.

"கழட்டுன பழசக் குடு. மாத்தாமயே ஏமாத்துற கூட்டந்தான நீங்க?"

"தக்காளி மூட்டை கட்டவாங்க?" என்று இளித்தபடி அவன் அட்டைப்பெட்டியைத் தள்ளினான்.

மாது பிரித்தான். பை வெடித்து விரிந்து கிடந்தது. நடுவில் மஞ்சள் பூசிய முகத்தின் தடம், அதில் ஒட்டிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டு.

"எங்கயும் இடிக்காத வண்டிடா இது!"

டை கட்டியவனின் இளிப்பு நின்றுபோனது.

காருக்குள்ளிருந்து பானுமதி கண்ணாடியை இறக்கினாள்.

"ஏங்க, வூட்டுக்குப் போலாம் வாங்க."

காலையில் வைத்த மெரூன் பொட்டு அவள் நெற்றியில் இல்லை.